துலாவின் நிழல் விழுந்த பக்கம்

ஓய்வுபெற்றவர் பழைய வேலைத்தலத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்பது என் மனைவி மலரின் கொள்கை. "போனா அவையளுக்கும் கரைச்சல், உங்களுக்கும் கரைச்சல்" என்பாள். அவள் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனாலும் போன மாதம் பெர்லினில் நான் கடைசியாக வேலை பார்த்த படக் காப்பகத்துக்குக் கோப்பி குடிக்கப் போனேன். வெறுங்கையோடு போகவில்லை, கேக் வாங்கிக்கொண்டுதான் போனேன்.

என் கதிரையில் இப்போது யூலியா இருக்கிறாள். கெட்டிக்காரப் பிள்ளை. புதிதாக வந்திருக்கும் ஒரு மென்பொருளை எனக்குக் காட்ட அவளுக்கு ஒரே அவதி. பழைய படம் ஒன்றை ஓடவிட்டாள். நடிகரின் வாய் ஒரு வழியில் போக, குரல் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். நடிகரின் உதடுகள் தாமாகவே வளைந்து நெளிந்து குரலுக்கு ஏற்றபடி அசையத் தொடங்கின.

"ஹெர் சபா, இது உங்கள் காலத்தில் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!"

நான் கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்துவிட்டேன். "நல்லகாலம், இருக்கவில்லை" என்றேன்.

ஏன் என்று கேட்டாள். கிணற்றுப் படத்தின் கதையைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அவளுடைய கோப்பியும் ஆறிவிட்டது, என்னுடையதும் ஆறிவிட்டது. "இதை நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும்" என்றாள். எழுதுகிறேன். தமிழில்தான் எழுத வரும். அவளுக்கு யாராவது மொழிபெயர்த்துக் கொடுக்கட்டும். பெருமையடிக்கிறான் என்று வாசிப்பவர்கள் நினைத்தால் அதில் தப்பில்லை, பெருமையடிக்கத்தான் போகிறேன்.

முன்பாதியை வேகமாக ஓட்டிவிடுகிறேன். எண்பதுகளில் போருக்குத் தப்பி எங்களில் பலர் வந்தது போலவே நானும் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமானநிலையத்தில் ஒரு பையோடும் மெல்லிய சேர்ட்டோடும் வந்திறங்கி, மேற்குப் பக்கம் கடந்து, அகதி முகாமில் கிடந்தேன். சமையலறைகளில் கோப்பை கழுவினேன். பிறகு வேலை செய்ய அனுமதி கிடைத்ததும், ஆள் தேவை என்று கேள்விப்பட்டு ஒரு கோப்பியர்வெர்க்கின் கதவைத் தட்டினேன். கோப்பியர்வெர்க் என்றால் சினிமாப் படச்சுருள்களைக் கழுவிப் பிரதி எடுக்கும் தொழிற்சாலை. அங்கே கும்மிருட்டில் நின்று வேலை செய்ய வேண்டும். இருட்டென்றால் பயமா என்று மேற்பார்வையாளர் கேட்டார். எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்த ஜெர்மன் சொல் இல்லை என்று பொருள்படும் 'நைன்' ஒன்றுதான். அதைச் சொன்னேன், வேலை கிடைத்தது.

அங்கேயே ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்தேன். படத்தையும் ஒலியையும் தனித்தனிச் சுருள்களில் பதிந்து வைத்திருப்பார்கள் என்பதும், பிரதி எடுக்கும்போதுதான் இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பார்கள் என்பதும் அங்கே படித்தவை. இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும். வேலையில் கை தேறி, மலரைக் கூப்பிட்டுக் கலியாணமும் முடித்து, இனி நிம்மதி என்று இருந்தபோது டிஜிட்டல் வந்தது. படச்சுருளே இல்லாத உலகத்தில் படச்சுருள் கழுவுகிறவனுக்கு என்ன வேலை? தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். பழைய படங்களைப் பழுதுபார்க்கும் காப்பகத்தில் ஓர் இடம் இருப்பதாக ஒருவர் சொன்னார். அங்கேதான் ஃபிராவ் லிண்டரிடம் போய்ச் சேர்ந்தேன். ஃபிராவ் என்றால் திருமதி, ஹெர் என்றால் திரு.

அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக ஏலாது. மெலிந்த, உயர்ந்த பெண்மணி. எப்போதும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. முதல் சந்திப்பில் என்னுடைய சான்றிதழ்களை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. மேசையில் ஒரு தகரப் பெட்டியை வைத்து, "திறக்க வேண்டாம், மணந்து பாருங்கள்" என்றார். மூடியின் விளிம்பில் மூக்கை வைத்தேன். மழையில் ஊறிய சப்பாத்தைப் பல நாள் மூடி வைத்தால் வருமே, அப்படி ஒரு நெடி. "பழுதாகத் தொடங்கிவிட்டது" என்றேன். "திங்கட்கிழமை வாருங்கள்" என்றார். நேர்முகம் அவ்வளவுதான்.

அந்தக் காலத்துப் படச்சுருள் நைத்திரேற்றுப் பொருளால் ஆனது. தீப்பிடித்தால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரியும். தீப்பிடிக்காவிட்டாலும் சும்மா கிடக்காது. சுருங்கும், ஒட்டும், கடைசியில் மண்ணிறத் தூளாகிப் போகும். அதனால் ஃபிராவ் லிண்டரிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் மூக்கு, பிறகு விரல், அதற்குப் பிறகுதான் கண். பெட்டியை மணந்து பார்த்துத் தேறினால், வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டு, சுருளைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டு, இரண்டு விளிம்புகளையும் விரல்களுக்கு நடுவில் ஓடவிட வேண்டும். கிழிந்த ஓட்டை, விட்டுப்போன ஒட்டு எல்லாம் விரலில் தட்டுப்படும். தட்டுப்பட்ட இடத்தில் நிறுத்தி, பழுதுபார்த்து, மீண்டும் சுற்ற வேண்டும். அந்த அறையில் பேசக்கூடாது. பேச்சு வந்தால் விரல் தூங்கிவிடும் என்பார்.

ஒலியைச் சோதிக்கும்போது அவர் செய்வது இன்னும் வேடிக்கை. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்வார். படத்தைப் பார்த்தால் காது சோம்பல்படும் என்பது அவருடைய எண்ணம். எங்கள் சிறிய திரையரங்கிலும் அவருடைய சட்டம் ஒன்று இருந்தது. படம் ஓடத் தொடங்கினால் நிறுத்தக்கூடாது, பின்னால் சுற்றக்கூடாது. அமைச்சரே வந்திருந்தாலும் சரி.

நல்லது, அருமை என்ற சொற்கள் அவர் வாயில் வராது. ஆகக்கூடிய பாராட்டு 'பிரௌக்பார்'. பாவிக்கலாம் என்று அர்த்தம். ஒருமுறை பெரிய இடத்து விருந்தினர்கள் சூழ நிற்க, புதிய ஸ்கானர் இயந்திரத்தில் நான் ஒரு சுருளை ஓடவிட வேண்டியிருந்தது. ஏற்றும்போது ஓர் ஒட்டு விரலில் இளகலாகத் தட்டுப்பட்டது. நான் இயந்திரத்தைப் போட மறுத்துவிட்டேன். விருந்தினர்களுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஃபிராவ் லிண்டர் அவர்கள் முன்னாலேயே, "இதை நேற்றே பார்த்திருக்க வேண்டாமா?" என்று என்னைக் கடிந்துகொண்டார். அவர்கள் போன பிறகு சுருளை வாங்கித் தானே விரலை ஓடவிட்டுப் பார்த்து, "பிரௌக்பார்" என்றார். அன்று வீட்டுக்குப் போய் மலரிடம் சொன்னபோது, "பாவிக்கலாம் எண்டு சொன்னதுக்கே இவ்வளவு எழுப்பமோ?" என்று சிரித்தாள். அவளுக்கு ஃபிராவ் லிண்டரைத் தெரியாது.

இனிக் கிணற்றுப் படத்துக்கு வருகிறேன். அதன் உண்மையான பெயர் நீளம். நாங்கள் வேலைக்குள் வைத்துக்கொண்ட பெயர்தான் இது.

சினிமா பேசத் தொடங்கிய புதிதில் பின்னால் குரல் சேர்க்கும் வசதி சரியாக வந்திருக்கவில்லை. ஒரு படத்தை இரண்டு மொழிகளில் காட்ட வேண்டுமென்றால் இரண்டு தடவை எடுத்தார்கள். அதே வீடு, அதே உடுப்பு, கமெராவும் நட்ட இடத்திலேயே நிற்கும். ஜெர்மன் நடிகர்கள் பேசி நடித்துவிட்டுப் போக, அதே இடத்தில் ஹங்கேரி நடிகர்கள் வந்து தங்கள் மொழியில் நடிப்பார்கள். கிணற்றுப் படமும் அப்படி ஜெர்மன்காரரும் ஹங்கேரிக்காரரும் சேர்ந்து எடுத்ததுதான்.

கதை எளிமையானது. ஹங்கேரியின் சமவெளியில் மழை பொய்த்துப்போன ஒரு கிராமம். தண்ணீர் இருப்பது ஒரேயொரு கிணற்றில். அது இருப்பது ஓர் இளம் விதவையின் நிலத்தில். அவளை மணந்துகொண்டால் கிணறும் கைக்கு வந்துவிடும் என்று ஊர்ப் பெரியவர்கள் ஒருவனை அனுப்புகிறார்கள். அவள் தண்ணீர் அள்ளிக்கொண்டே பதில் சொல்கிறாள்: "தண்ணீரை யாரும் எடுக்கலாம். என்னை யாரும் எடுக்க முடியாது." அந்தக் காட்சிதான் படத்தின் உயிர்.

அந்தக் கிணறு துலாக் கிணறு. எங்கள் ஊரில் இருந்ததே, ஒரு பக்கம் பாரம் கட்டிய நீண்ட மரம், மறு பக்கம் கயிறும் வாளியும், அதே சாமான். ஹங்கேரியிலும் அதுதான் என்பது எனக்குப் புதினமாக இருந்தது. ஊர் நினைவு வந்து நான் கண் கலங்கியதாக யாரும் எண்ண வேண்டாம். சின்ன வயதில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்து நொந்தவன் நான். எனக்கு நினைவில் வந்தது தோள்மூட்டு வலி மட்டும்தான்.

விதவையாக நடித்தவர் மார்கிட் என்ற ஹங்கேரி நடிகை. அவருக்கு ஜெர்மனும் தெரியும் என்பதால் இரண்டு மொழிப் படத்திலும் அவரே நடித்தார். சிக்கல் இங்கேதான். எங்களிடம் இருந்த ஜெர்மன் பிரதியில், அந்தக் கிணற்றுக் காட்சியில் மட்டும், மார்கிட்டின் உதடும் குரலும் ஒட்டவில்லை. வாளி கிணற்றுக் கட்டில் இடிக்கும் சத்தம்கூட வாளி இடிப்பதற்கு முன்பே வந்துவிடும். ஃபிராவ் லிண்டர் ஒலியை நகர்த்தி வாளிச் சத்தத்தைச் சரிசெய்து பார்த்தார். வாளி சரிவந்தது, உதடு சரிவரவில்லை. இதற்குப் பல காலமாகச் சொல்லப்பட்டு வந்த விளக்கம் ஒன்று இருந்தது. மார்கிட்டின் ஜெர்மன் மோசம், அதனால் கமெராவுக்கு அப்பால் நின்று வேறொரு பெண் பேச, மார்கிட் வெறுமனே வாயசைத்தார் என்பது. மற்றக் காட்சிகளில் அந்தப் பெண் உதட்டுக்குப் பொருத்திப் பேசிவிட்டார், இங்கே மட்டும் பிசகிவிட்டார் என்றார்கள். அந்தக் காலத்தில் அப்படிச் செய்வதுண்டு. அதனால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஜெர்மன்காரருக்கு உதடும் குரலும் ஒட்டாதது பெரிய விஷயமே இல்லை. எந்த நாட்டுப் படம் தொலைக்காட்சியில் போனாலும் எல்லோரும் ஜெர்மன்தான் பேசுவார்கள். பார்த்துப் பார்த்து அவர்களுக்குக் கண் பழகிவிட்டது.

படத்தைப் பழுதுபார்த்து முடித்து வசந்த காலத்தில் திரையிடுவதாக அறிவித்தாயிற்று. தொடக்கத்தில் போடும் எழுத்தில், கதாநாயகியின் குரல் பெயர் தெரியாத வேறொரு பெண்ணுடையது என்று ஒரு வரி சேர்ப்பதாக இருந்தது. மார்கிட்டுக்கு வேரா என்று ஒரு மகள், எண்பதைக் கடந்தவர், வுப்பர்டாலில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார் என்பதும், அவரிடம் சில பழைய நிழற்படங்கள் இருக்கின்றன என்பதும் அப்போதுதான் தெரிய வந்தது. மலரின் தங்கை வுப்பர்டாலில் இருக்கிறாள். அவள் மகளின் சாமத்திய வீட்டுக்கு, அதாவது பூப்பு விழாவுக்கு, நாங்கள் போக இருந்தோம். "போகிற வழியில் அந்தப் படங்களை வாங்கி வாருங்கள்" என்றார் ஃபிராவ் லிண்டர்.

விழா முடிந்த மறுநாள் மலரும் நானும் தொங்கு ரயிலில் போய் இறங்கி இல்லத்தைத் தேடிப் பிடித்தோம். ஃபிராவ் வேரா யன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் கடுமை. படங்களைத் தந்தார். அவர் நடக்கப் பழகிய வயதிலேயே தாய் நோயில் இறந்துவிட்டார் என்றும், தகப்பனின் சகோதரிதான் தன்னை வளர்த்தார் என்றும் சொன்னார். தாய் நடித்த மற்றவை எல்லாம் பேசாப் படங்கள்.

"இந்த ஒன்றுதான் பேசும் படம். இதிலும் வாய்தான் அம்மாவுடையது, குரல் வேறு யாரோ ஒருத்தியுடையது என்று சிறுவயதிலேயே சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு முறை பார்த்தேன். காதைப் பொத்திக்கொண்டு வாயை மட்டும் பார்த்தேன்."

எங்கள் எழுத்தில் வரப்போகும் அந்த வரியை அவரிடம் சொல்லாமல், தந்த படங்களை அடுக்கத் தொடங்கினேன். மலர் ஒரு நிழற்படத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்கிட் துலாக் கயிற்றைப் பிடித்தபடி நிற்கும் படம், பூவேலை செய்த சட்டையும் விரித்த பாவாடையுமாக. "இஞ்சாருங்கோ" என்றாள் என்னிடம், "இவ்வளவு வடிவா உடுத்திக்கொண்டு ஆரும் தண்ணி அள்ளப் போவினமே? எங்கடை ஊரிலையெண்டா மாமியார் வாளியாலை எறிஞ்சிருப்பா."

என்ன சொல்கிறார் என்று வேரா கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை மறக்க ஏலாது. சட்டென்று வெடித்து, முடிவில் குளிர்ந்த தண்ணீரில் கால் வைத்தவர் மூச்சை உள்ளே இழுப்பது போல ஓர் இழுவை. உடனே கையால் வாயை மூடிக்கொண்டார்.

"மன்னியுங்கள். அத்தை இந்தச் சிரிப்புக்காக என்னை எத்தனை தரம் ஏசியிருக்கிறார் தெரியுமா? எங்கள் குடும்பத்தில் யாரும் இப்படிச் சிரிப்பதில்லை, எங்கே போய்ப் பொறுக்கி வந்தாய் என்பார்."

திரும்பி வரும் வழி முழுக்க எனக்குக் கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். "உந்த மனிசி பாவமப்பா. தாயின்ரை குரலைக் கேக்காமலே போய்ச் சேரப்போகுது" என்று மலர் வேறு ரயிலில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அடுத்த நாள் வேலைக்குப் போய், கேட்காமலே கிணற்றுக் காட்சியை எடுத்துப் போட்டேன். ஒலியை நிறுத்திவிட்டு வெறும் படத்தை ஓடவிட்டேன். மார்கிட் கிணற்றடிக்கு நடந்து வருகிறார். துலாவின் நிழல் திரையில் இடது பக்கம் தரையில் நீண்டு கிடக்கிறது. கிட்டத்தில் காட்டுகிறார்கள், அவர் தண்ணீர் அள்ளிக்கொண்டு பேசுகிறார். நிழல் வலது பக்கம். பேசி முடிந்து வாளியோடு திரும்பி நடக்கிறார். நிழல் மறுபடியும் இடது பக்கம். பத்து வசனம் பேசுவதற்குள் சூரியன் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போய்விட்டுத் திரும்பிக் கிழக்குக்கே வந்திருக்கிறது!

துலாவில் தண்ணீர் இறைத்தவனுக்கு அந்த நிழல் மணிக்கூடு மாதிரி. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று பார்த்துப் பார்த்தே இறைத்தவர்கள் நாங்கள். ஓடிப்போய் ஃபிராவ் லிண்டரைக் கூட்டிவந்தேன்.

"ஹெர் சபா, நிழல் எல்லாப் படங்களிலும் தாவும். வசதிப்பட்ட நேரத்தில் எடுத்து வெட்டி ஒட்டுவார்கள்" என்றார் அவர்.

"இந்தப் படத்தில் வேறெங்கும் தாவவில்லை. வெளியில் எடுத்த மற்றக் காட்சிகளை எல்லாம் பார்த்துவிட்டேன். எல்லாமே காலை நிழல். இது மட்டும் பின்னேர நிழல்."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரைக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு மெதுவாக, "காலையில் ஒரு மொழி, பின்னேரம் மறு மொழி" என்றார்.

அந்த இடத்தில்தான் அவருடைய மூளை வேலை செய்தது. நிழல் என்னுடையது, அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவருடையது. கமெராவை நட்ட இடத்தில் விட்டுவிட்டு, காலை வெயிலில் ஜெர்மன் படத்தையும், பின்னேர வெயிலில் ஹங்கேரியப் படத்தையும் எடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பது ஹங்கேரியப் படத்துக்கு எடுத்த துண்டு. மார்கிட் அதில் பேசுவது ஹங்கேரிய மொழி. இரண்டு படத்தையும் ஒரே மேசையில் வைத்து வெட்டியவர், ஒரே நடிகை, ஒரே உடுப்பு, ஒரே கிணறு என்பதால் இந்தத் துண்டுகளை மாற்றிப் போட்டுவிட்டார். படமும் ஒலியும் தனித்தனிச் சுருள் அல்லவா? படத்துண்டு மட்டும் மாறிப் போயிற்று, ஒலி இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது.

"அப்படியானால் ஜெர்மன் துண்டு எங்கே?" என்று கேட்டேன்.

ஃபிராவ் லிண்டர் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டார். புடாபெஸ்டில் எங்களைப் போன்ற ஒரு காப்பகம் இருக்கிறது. காபோர் என்பவர் அங்கே எங்கள் வேலையைச் செய்கிறவர். ஹங்கேரியப் பதிப்பு அவர்களிடம் இருந்தது, படம் மட்டும். ஒலிச்சுருள் எப்போதோ அழிந்துவிட்டது. படமும் மிகவும் சுருங்கிப் போய், எந்த இயந்திரத்திலும் ஓட மறுத்து, அண்மையில்தான் புதிய ஸ்கானரில் ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு சட்டமாகப் படியெடுத்திருந்தார்கள். குரலே இல்லாத படத்தில் உதடு ஒட்டவில்லை என்று யார் கண்டுபிடிப்பது?

"கிணற்றுக் காட்சியில் அவர் பேசும்போது மரத்தின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது?" என்று ஃபிராவ் லிண்டர் கேட்டார்.

காபோர் பார்த்துச் சொல்வதாகச் சொல்லி வைத்தார். அவர் திரும்ப அழைக்கும் மட்டும் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் கையுறையைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அழைப்பு வந்தது. ஃபிராவ் லிண்டர் ஒலிபெருக்கியை அழுத்தினார்.

"இடது பக்கம்" என்றார் காபோர்.

அந்தத் துண்டு அன்று பின்னேரமே கணினி வழியாக வந்து சேர்ந்தது. எங்கள் ஒலியை அதன் மேல் பொருத்த ஓர் அடையாளம் வேண்டும். வாளி கிணற்றுக் கட்டில் இடிக்கும் இடத்தைப் பிடித்தேன். வாளி தொடும் சட்டத்தில் அந்தச் சத்தத்தைக் கொண்டுபோய் வைத்து ஓடவிட்டேன். மார்கிட் வாயைத் திறந்தார். சொல்லுக்குச் சொல் உட்கார்ந்தது. கயிற்றை இழுக்கும்போது மூச்சு அடைபட்டு வசனம் அறுகிறது. வாளி மேலே வந்ததும் மூச்சு விடுபட்டு மீதி வசனம் வருகிறது.

"இன்னும் போதாது" என்றார் ஃபிராவ் லிண்டர். "பக்கத்தில் நின்று பேசுகிற கெட்டிக்காரியும் இவ்வளவு பொருத்தமாகப் பேசலாம். மேலே போகட்டும்."

போயிற்று. துலா உதறி ஒரு வெட்டு வெட்டியது. வாளி சரிந்து தண்ணீர் மார்கிட்டின் மேல் கொட்டியது. அது கதையில் உள்ளது இல்லை, தற்செயலாக நடந்தது என்று பார்த்தாலே தெரியும். வசனத்தின் நடுவில் அவர் சிரித்துவிட்டார். சட்டென்று வெடித்து, முடிவில் மூச்சை உள்ளே இழுக்கும் ஒரு சிரிப்பு. வாய் திறந்த அதே சட்டத்தில் சிரிப்பும் தொடங்கியது. உடனே சமாளித்துக்கொண்டு வசனத்தை முடித்தார். எங்கள் பழைய பிரதியில் அதே சிரிப்பு சிரிக்காத முகத்தின் மேல் வந்ததால், கமெராவுக்கு அப்பால் நின்றவளின் சிரிப்பு என்று காதில் வாங்காமல் விட்டிருந்தோம்.

ஃபிராவ் லிண்டர் இன்னொரு முறை போடச் சொல்லி, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டார். இன்னொரு முறை முகத்தைக் காட்டி உட்கார்ந்து பார்த்தார். "வசனத்தை ஒருத்திக்குப் பதிலாக இன்னொருத்தி பேசலாம்" என்றார். "தண்ணீர் தன் மேல் கொட்டாதவளுக்கு இந்தச் சிரிப்பு இந்த நேரத்தில் வராது. குரல் இவருடையதுதான்."

பேசக்கூடாத அந்த அறையில் நான் மேசையில் ஓங்கி அடித்துக் கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். அவர் கோபிக்கவில்லை. கம்பளிச் சட்டையின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பிரௌக்பார், ஹெர் சபா" என்றார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பரிசுகளில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மலருக்கு உடனே அழைத்தேன். "மனிசியின்ரை சிரிப்பு! அப்படியே மனிசியின்ரை சிரிப்பு!"

"எந்த மனிசி?"

"வேரா!"

"அவ எப்பப்பா படத்திலை நடிச்சவ? உங்களுக்கு என்ன விசரே?"

சிரிப்பைப் பற்றி ஃபிராவ் லிண்டரிடமும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "அது சான்று இல்லை. நமக்குச் சான்று உதடு, அது போதும். சிரிப்பை ஃபிராவ் வேராவிடம் சொல்லாதீர்கள். அது அவருக்கு உரியது." தொடக்க எழுத்தில் இருந்த வரியை அன்றே மாற்றினார். குரல்: மார்கிட்.

வேரா இலகுவில் வர ஒப்பவில்லை. தொலைபேசியில் நான் விளக்கிய எதுவும் எடுபடவில்லை. "எத்தனை வருடம் ஒன்றைச் சொன்னார்கள், இப்போது வேறொன்றைச் சொல்கிறீர்கள். நாளை இன்னொருவர் வந்து அதுவும் இல்லை என்பார். என்னால் இன்னொரு முறை ஏமாற முடியாது" என்றார். மலர் என் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கித் தன்னுடைய ஜெர்மனில் பேசினாள். பிறகு என்ன சொன்னாய் என்று கேட்டேன். "சரியில்லையெண்டா எழும்பி வெளியாலை போய்க் கோப்பி குடிப்பம், நான் உங்களுக்குப் பக்கத்திலைதான் இருப்பன் எண்டு சொன்னனான். வேறை என்ன சொல்ல?" என்றாள். வேரா வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

திரையரங்கு நிறைந்திருந்தது. காபோரும் புடாபெஸ்டிலிருந்து வந்திருந்தார். வேராவின் சக்கர நாற்காலியை முன்வரிசை ஓரத்தில் நிறுத்தி, பக்கத்தில் மலர் காஞ்சிபுரம் சேலையோடு உட்கார்ந்தாள். நான் அவர்களுக்குப் பின்னால். விளக்கு அணைந்தது. தாய் முதன்முதலில் வாய் திறந்தபோது வேராவின் கைகள் காதுக்குப் போயின. மலர் ஒரு கையைப் பிடித்து மெதுவாக இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மற்றக் கை கொஞ்ச நேரம் காதிலேயே இருந்தது. பிறகு அதுவும் இறங்கியது.

கிணற்றுக் காட்சி வந்தது. நிழல் இடது பக்கம். வாளி இடித்தது. வசனம் வந்தது. துலா வெட்டியது, தண்ணீர் கொட்டியது, மார்கிட் சிரித்தார்.

"தாஸ் இஸ்ட் யா மைன்ஸ்!"

அரங்கம் முழுக்கக் கேட்கும்படி வேரா கூவிவிட்டார். அது என்னுடையது அல்லவா என்று அர்த்தம். நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். மலர் தாங்கிப் பிடித்தாள். "என்னுடைய சிரிப்பு! இது என்னுடைய சிரிப்பு! அத்தைக்குத் தெரியாது, இது அம்மாவிடமிருந்து வந்தது!" பின்னால் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். மலர் அழுதுகொண்டிருந்தாள். நானும் அழுதேன், மறைக்க முயலவில்லை. மார்கிட் திரையில் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்து போய்க்கொண்டிருந்தார்.

"நொக் ஐன்மால்" என்றார் வேரா, சிறுபிள்ளையின் குரலில். இன்னொரு முறை.

படம் ஓடத் தொடங்கினால் நிறுத்தக்கூடாது, பின்னால் சுற்றக்கூடாது. நான் ஃபிராவ் லிண்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏற்கனவே எழுந்து நின்றார். படம் போடும் அறையை நோக்கிக் கையை உயர்த்தி, அந்த அரங்கில் யாரும் அவரிடமிருந்து கேட்டிராத உரத்த குரலில், "திருப்பிப் போடுங்கள்!" என்றார்.

திருப்பிப் போட்டார்கள். மார்கிட் மறுபடியும் கிணற்றடிக்கு வந்தார். வாளி இறங்கியது, ஏறியது, சரிந்தது. இந்த முறை வேரா வாயைக் கையால் மூடவில்லை. தாயும் மகளும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.